ஓடும் தகரமும்

பிரயாணக் கட்டுரை எழுதுவோர் பெரும்பாலும் கோயில்களையும் நீர்வீழ்ச்சிகளையும் பற்றி எழுதுவர். அப்பணியைச் செய்யப் பலர் உளர். நாம் இங்கு எழுதப் புகுந்தது கூரைகளைப் பற்றி. சென்ற விடுமுறையில் ஒன்பது நாட்கள் இலங்கைத் தீவில் மோட்டார் வண்டியிற் சுற்றினோம். கொழும்பு முதல் கண்டலமை ஈறாக நாம் தேடிச் சென்று கண்டவை யாவும் கட்டிடங்களே. அவற்றுள்ளும் பழமையானவை அல்ல. இலங்கை சுதந்திரம் பெற்ற பின்னர் எழுந்த நவீனக் கட்டிடங்களும், அவற்றின் வழியைப் பின்பற்றி நாட்டுப்புறங்களில் தோன்றியுள்ள தங்குமனைகளுமாம்.

தோட்டத்துக் கிராணிக்குக் கட்டிடக் கலையில் என்ன அக்கறை என்று நேயர்கள் கேட்கலாம். கேள்வி நியாயமானதே. தோட்டம் என்பது யாது? வீடுகளின் வரிசையே தோட்டம். மேட்டின் உச்சியில் துரை பங்களா. அதற்குச் சற்றுக் கீழே சின்னத்துரை வீடு. அதற்கும் கீழே கிராணிமார் குடியிருப்பு. பள்ளத்தில், ஆற்றோரத்தில், வெள்ளம் வந்தால் முதலில் நனையும் இடத்தில் லயங்கள். ஒருவன் எந்த உயரத்தில் உறங்குகிறான் என்பதைக் கொண்டே அவன் சம்பளத்தைச் சொல்லிவிடலாம். நடுவிலே குடியிருக்கும் கிராணிக்கு மேலேயும் தெரியும், கீழேயும் தெரியும். இவ்வாறு இரு பக்கமும் பார்த்து வளர்ந்த நமக்கு, வீடு கட்டுதல் என்பது வெறும் கல்லும் மண்ணும் பற்றிய செய்தியாக ஒருநாளும் தோன்றியதில்லை.

நாம் கற்றது ஆங்கிலப் பள்ளி. ஜெஃப்ரி பாவா என்னும் இலங்கைச் சிற்பியைப் பற்றி முதன்முதல் அறிந்ததும் ஓர் ஆங்கிலப் படநூலின் வாயிலாகவே. அந்நூலில் ஒரு செய்தி நம்மைப் பிடித்து நிறுத்தியது. 1919இல் பிறந்து, முதலில் வழக்கறிஞராயிருந்த இவர், 1948இல் பெந்தோட்டைக்கு அருகே ஏரிக்கரையில் கைவிடப்பட்டுக் கிடந்த ஓர் இரப்பர் தோட்டத்தை விலைக்கு வாங்கினார். அதனை அழகிய பூங்காவாக ஆக்க விரும்பினார். ஆசைக்கு ஏற்ற பயிற்சி இல்லை. ஆகவே இலண்டனுக்குச் சென்று கட்டிடக் கலை பயின்று, 1957இல், முப்பத்தெட்டாம் வயதில், சிற்பியாகத் தேறினார். பிற்காலத்தில் ஆசியாவிலேயே பேர்பெற்ற சிற்பிகளுள் ஒருவராக விளங்கிய அம்மனிதருக்கு வித்தாக அமைந்தது பால்மரத் தோட்டம் ஒன்று! இதைப் படித்த பின்னர் அவ்விடத்தை நேரிற் காணாதிருக்க நமக்கு மனமில்லை.

நம்முடன் வந்தவர் இருவர். ஒருவர் தமிழ்ப்பள்ளி ஆசிரியரான நண்பர். மற்றவர் நம் மைத்துனர். கிள்ளானில் வீடு கட்டும் குத்தகைத் தொழில் செய்பவர். எந்தச் சுவரைக் கண்டாலும் தட்டிப் பார்க்காமல் விடமாட்டார். சட்டைப்பையில் அளவு நாடா இல்லாமல் வெளியே புறப்படவும் மாட்டார். வண்டி ஓட்டியவர் ஹட்டன் பகுதியைச் சேர்ந்த தமிழ் இளைஞர். அவர் வராதிருந்தால் இக்கட்டுரையிற் பாதி இல்லை.

கொழும்பில் இறங்கிய மறுநாட் காலையில் 33ஆம் ஒழுங்கை 11ஆம் எண் இல்லத்தைக் காணச் சென்றோம். இது பாவா தமக்கெனச் சமைத்துக்கொண்ட வீடு. சமைத்துக்கொண்ட என்று சொல்வது காரணத்தோடுதான். ஏனெனில் அவர் அதை அடியிலிருந்து கட்டவில்லை. சந்தின் கோடியில் வரிசையாக நான்கு சிறு வீடுகள் நின்றன. 1958இல் அவற்றுள் ஒன்றை வாடகைக்கு எடுத்தார். பத்தாண்டுக் காலத்தில் நான்கும் அவர் கைக்கு வந்தன. இடைச்சுவர்களைத் திறந்தார், ஆங்காங்கே கூரையை நீக்கி வானம் தெரியும் சிறு முற்றங்களாக்கினார், செட்டிநாட்டிலிருந்து வந்த பழந்தூண்களை நிறுத்தினார். நீண்ட வெண்ணிற நடை ஒன்று உள்ளே செல்கிறது. அதன் முடிவில் ஒரு சிறு குளத்தின்மீது ஒளி விழுகிறது. வெளியே கொழும்பு வெயில் கொளுத்த, உள்ளே விசிறி இல்லாமலேயே உடல் குளிர்ந்தது. வண்டிக் கொட்டிலில் 1934ஆம் ஆண்டு ரோல்ஸ் ராய்ஸ் ஒன்று நிற்கிறது. மைத்துனர் அதனிடத்திற் செலவிட்ட நேரத்தை நாம் இங்குக் கணக்கில் எழுதப் போவதில்லை.

திரும்பி வரும்போது அவர் சொன்னார்: "மச்சான், லயத்து வீடு நாலை ஒன்றாக்கினால் என்ன ஆகும் என்று இந்த மனிதர் செய்து காட்டியிருக்கிறார். ஆனால் அதில் குடியிருந்தவர் ஒருவர்தான்."

விளையாட்டாகச் சொன்ன சொல்தான். எனினும் பயணம் முழுவதும் அது நம்மை விடவில்லை.

நவீனக் கட்டிடக் கலை என்பது ஐரோப்பாவிற் பிறந்தபோது தட்டைக் கூரையும், அலங்காரமற்ற வெண்சுவரும், பெரிய கண்ணாடிச் சாளரமுமாகப் பிறந்தது. சுதந்திரமடைந்த நாடுகள் பலவும் அதை விரும்பி ஏற்றன. அரண்மனையையும் கோட்டையையும் நினைவூட்டாத புதுக்கோலம் அவற்றுக்கு வேண்டியிருந்தது. கோலாலம்பூரில் 1965இல் திறக்கப்பட்ட தேசியப் பள்ளிவாசலின் விரித்த குடை போன்ற கூரையும் அக்காலத்து எண்ணத்தின் குழந்தையே. ஆயின் மழைக்கு ஐரோப்பிய நூல்களில் விடையில்லை. பாவாவும் தொடக்கத்தில் வெண்சுவர்க் கட்டிடங்களே எழுப்பினார். பருவமழை வந்தது, சுவரிற் பாசி படர்ந்தது. அவர் பழைய நாட்டு வீடுகளைக் கூர்ந்து நோக்கத் தொடங்கினார். அகன்ற தாழ்வாரம், சாய்ந்த ஓட்டுக்கூரை, நடுமுற்றம் ஆகிய மூன்றும் அவர் கையில் மீண்டும் உயிர்பெற்றன. கூரைக்கு அவர் கையாண்ட முறை எளிது: கீழே நெளிவுச் சிமெண்டுத் தகடு, அதன்மேல் பழைய அரைவட்ட நாட்டு ஓடு. தகடு மழையைத் தடுக்கும், ஓடு வெயிலைத் தடுக்கும். அத்தகட்டில் அந்நாளிற் கல்நார் கலந்திருந்தது; அதன் தீங்கை இன்று அறிவோம்; இக்காலத்திற் செய்வோர் வேறு தகடே இடல் வேண்டும். முறை என்னவோ நல்ல முறை. மைத்துனர் அதைத் தம் குறிப்பேட்டிற் படமாக வரைந்துகொண்டார்.

பாவாவின் பெயர் உலகெங்கும் ஒலிக்கிறது. அவருடன் 1960களின் பிற்பகுதி முதல் பங்காளியாயிருந்து, பெந்தோட்டைக் கடற்கரை விடுதி, 1982இல் ஏரி நடுவே எழுந்த கோட்டை நாடாளுமன்றம் முதலியவற்றின் தொழிலுக்குத் தோள்கொடுத்த பொறியாளர் பூலோகசுந்தரம் என்னும் தமிழர். கூரை அழகாயிருக்கிறது என்பார் பலர். அது விழாமல் நிற்கிறதே என்று நினைப்பவர் சிலர். இச்செய்தியைத் தமிழ் ஏடொன்றிற் பதித்து வைப்பது நம் கடமை.

நிற்க. பெந்தோட்டைக்குச் சென்றோம். லுனுகங்கை என்றால் சிங்களத்தில் உப்பாறு. தெத்துவ ஏரிக்குள் நீண்ட ஒரு நிலம். பால்மரங்கள் போய் அரை நூற்றாண்டுக்கு மேலாயிற்று. பாவா முதற்காரியமாக, இருந்த பழைய பங்களாவின் வாயிலைத் திசை மாற்றினார். பிறகு எதிரே நின்ற குன்றின் உச்சியைத் தாழ்த்தினார், மரங்களைக் களைந்தார், இதனால் வீட்டின் தென்முகப்பில் நிற்பவர் கண்ணுக்குக் குன்றின்மேல் ஒரு பெரிய சீனத்து ஜாடி, அதற்கப்பால் ஏரி நீர், அதற்கும் அப்பால் தொலைவிலுள்ள பௌத்த விகாரையின் வெண்ணிறத் தாது கோபுரம் என மூன்றும் ஒரே கோட்டில் தெரிகின்றன. இவ்வேலையில் அவர் 1948 முதல் ஐம்பது ஆண்டுகளைக் கழித்தார். 2003இல் இறந்தபோது அக்குன்றின் மீதே எரியூட்டப்பட்டார். இப்போது அவ்விடம் ஓர் அறக்கட்டளையின் பொறுப்பில் உள்ளது. விருந்தினர் தங்கவும் இடம் தருகின்றனர். நாம் ஓரிரவு தங்கினோம்.

அழகு என்றால் அது அழகு. அதில் நமக்கு ஐயமில்லை. ஏரியின் மீது மாலை ஒளி சாய்ந்தபோது ஆசிரியர் நண்பர் அரைமணி நேரம் பேசவில்லை; அவரை அறிந்தோர் இதன் அருமையை அறிவர். எனினும் கிராணிக் கண் என்று ஒன்று உண்டு. அது அழகைப் பார்க்கும்போதே ஆட்கணக்கும் பார்க்கும். இந்தப் புல்லை வெட்ட நாளொன்றுக்கு எத்தனை பேர்? உதிரும் இலையைக் கூட்ட எத்தனை பேர்? பூங்காவின் வெவ்வேறு மூலைகளில் மணிகள் தொங்குகின்றன. ஒவ்வொன்றின் ஓசையும் வேறு. எஜமானர் எந்த மணியை அடித்தாரோ அதைக் கேட்டு, அவர் எவ்விடத்தில் அமர்ந்திருக்கிறார் என்று அறிந்து, பணியாளர் அங்கே பானம் கொண்டு செல்வராம். எவ்வளவு நுட்பமான ஏற்பாடு! ஆயினும் விடியற்காலை மணியோசைக்குப் பெரட்டுக் களத்தில் ஓடி நின்றோரின் பேரனுக்கு, அம்மணியின் இனிமை பாதிதான் காதில் ஏறியது.

இன்னொன்றும் கண்டோம். ஊரார் நடக்கும் பொதுவழி ஒன்று இந்நிலத்தினூடே செல்கிறது. வீட்டிலிருந்து நோக்கினால் அது தெரியாது. வீட்டுப் புல்வெளியும் எதிர்க்குன்றும் ஒரே பரப்பாகத் தோன்ற, அவ்வழி இடையே பள்ளத்திற் பதுங்கிச் செல்கிறது. மறுநாட் காலை நாம் அவ்வழியில் இறங்கி நடந்தோம். விறகுக்கட்டுடன் ஓர் அம்மையார் எதிரே வந்து, புன்னகை செய்து சென்றார். மேலே நின்ற மைத்துனரின் கண்ணுக்கு அவரும் படவில்லை, நாமும் படவில்லை.

பெந்தோட்டையிலிருந்து அவிசாவளை, கித்துல்கலை வழியாக ஹட்டனுக்கு ஏறினோம். வழியெல்லாம் பால்மரக் காடு. 1876இல் இரப்பர் கன்றுகள் இலங்கைக்கு வந்து ஹெனரத்கொடையில் நடப்பட்டன. அடுத்த ஆண்டே சிங்கப்பூரிலும் நடப்பட்டன. மரத்துக்குப் பின்னால் மனிதர் வந்தனர். ஓட்டுநர் இளைஞரோடு பேசிக்கொண்டு சென்றபோது ஒரு வியப்பு. கங்காணி, துரை, லயம், பெரட்டு என்று நாம் சொல்லும் சொற்கள் யாவும் அவர் வாயிலும் அப்படியே இருந்தன. கடல் நடுவே கிடக்க, சொற்கள் மட்டும் இரு கரையிலும் ஒன்றாயிருக்கின்றன. ஒரே ஒரு வேறுபாடு: நாம் அஞ்சடி என்பதை அவர் இஸ்தோப்பு என்றார்.

"அண்ணே, நீங்கள் பங்களா பார்க்கத்தானே வந்தீர்கள்? நம்ம வீட்டையும் ஒருதரம் பார்த்துவிட்டுப் போங்கள். அம்மா தேத்தண்ணீர் ஊற்றுவார்" என்றார். அதுவரை நம்மை ஐயா என்றழைத்தவர் பெரட்டு என்ற சொல்லுக்குப் பிறகு அண்ணே என்று மாறினார்.

தலவாக்கலைக்கு இப்பால், சாலையிலிருந்து ஒரு கல் தொலைவு ஏற வேண்டும். மலைச்சரிவில் ஒரே நீள் வரிசை. முதுகோடு முதுகு ஒட்டிய இரட்டை லயம். ஒவ்வொரு குடும்பத்துக்கும் பத்தடிக்குப் பன்னிரண்டடியில் ஒரு காம்பரா, அதன் முன் ஓர் இஸ்தோப்பு. கூரை தகரம், காற்றுக்குப் பறவாதிருக்க அதன்மேற் கற்கள். பின்சுவருக்கு அப்பால் வேறொரு குடும்பம் ஆதலால் பின்சாளரம் கிடையாது. நாம் போய் அமர்ந்த சிறிது நேரத்தில் மழை பிடித்தது. தகரத்தின்மேல் விழுந்த மழையோசையில் அடுத்திருப்பவர் பேச்சும் கேட்கவில்லை. அனைவரும் பேச்சை நிறுத்தி மழை விடக் காத்திருந்தோம். மைத்துனர் வழக்கம்போல் சுவரைத் தட்டப் போனவர் கையை மடக்கிக்கொண்டார்.

இஸ்தோப்பின் ஒரு பகுதியைத் தடுத்து அடுப்படியாக்கியிருந்தனர். கதவுக்கு நீலச்சாயம். வாசலில் உடைந்த வாளியில் ரோஜாச்செடி. எல்லா இடுக்கிலும் ஒரு மனிதக்கை எதையோ யோசித்துச் செய்த அடையாளம் இருந்தது. அந்த அம்மாளிடம் கதவின் நிறம் அழகாயிருக்கிறது என்று சொன்னோம். அவர் கூறிய விடையை நாம் உள்ளபடியே எழுதுகிறோம்.

"இப்பதான் தம்பி சாயம் அடிச்சது. முன்னே அடிக்கல்ல. இந்தியாவுக்கு அனுப்பப் போறாங்கன்னு பெட்டியைக் கட்டி வச்சிருந்தோம். போற வீட்டுக்கு யார் சுண்ணாம்பு அடிப்பாங்க?"

நேயர்களிற் சிலருக்கு இதன் பொருள் விளங்காமலிருக்கலாம். 1948ஆம் ஆண்டு 18ஆம் எண் பிரஜாவுரிமைச் சட்டம் மலைநாட்டுத் தோட்டத் தமிழருட் பெரும்பாலோரை நாடற்றவர் ஆக்கியது. பாவா லுனுகங்கையை வாங்கியதும் அதே ஆண்டுதான். 1964இல் சிறீமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் ஓர் ஒப்பந்தம் செய்தனர்: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 1,50,000 பேரைப் பின்னர் 1974இல் பாதிபாதியாகப் பங்கிட்டனர். பொருட்களைப் பங்கிடும் பட்டியலை நாம் பண்டகசாலையில் நாள்தோறும் எழுதுகிறோம். அதன் நடை இதுதான். அந்த அம்மாளின் தமையனார் குடும்பம் போய் நீலகிரியிற் கூடலூர்ப் பக்கம் குடியேறிற்று. இவர் முறை வருமுன் 1980களிற் போர் மூண்டு தலைமன்னார்க் கப்பல் நின்றது. 2003இல் வந்த சட்டம் எஞ்சியோருக்கு உரிமை வழங்கியது. அதன் பின்னரே அக்கதவுக்கு நீலம்.

கட்டிடக் கலை நூல்களில் ஒளி பற்றி, காற்று பற்றி, நிலத்தின் சாய்வு பற்றி ஏராளமாக எழுதியிருக்கிறார்கள். நாளையும் இங்கேதான் இருப்போம் என்ற நிச்சயம் வீட்டுக்கு முதற்கல் என்று எந்த நூலிலும் நாம் படிக்கவில்லை. அதை ஹட்டன் மலையில் ஒரு கொழுந்து பறித்த கையிடமிருந்து கற்றோம்.

இன்று அப்பகுதிகளில் 7 பேர்ச்சஸ் நிலத்தோடு தனி வீடுகள் எழுந்து வருகின்றன. இந்திய அரசின் உதவியில் முதலில் 4,000 வீடுகள் என்றும், 2017இல் மேலும் 10,000 என்றும் அறிவிப்பு வந்தது. ஓட்டுநரின் சித்தப்பாவுக்கு ஒரு வீடு கிடைத்திருக்கிறது. நாம் அங்கும் போனோம். சிறிய வீடுதான். ஆனால் நான்கு பக்கமும் வெளி! அவர் நம்மைக் கைப்பிடித்து வீட்டைச் சுற்றி அழைத்து வந்தார். உள்ளே காட்டியதை விடச் சுற்றி வந்ததே அவருக்குப் பெருமை. பின்சுவரில் இருந்த சாளரத்தைத் திறந்து, மூடி, மீண்டும் திறந்து காட்டினார்.

அங்கிருந்து நுவரெலியா சென்று, கந்தப்பளையில் ஓரிரவு. இங்கே ஹெதர்செட் தோட்டத்தின் பழைய தேயிலைத் தொழிற்சாலை ஒன்றை விடுதியாக்கியிருக்கின்றனர், 1996இல் திறந்தனர், ஆக்கிய சிற்பி நிகால் போதிநாயக்க. ஓய்ந்து கிடந்த ஆலையை இடித்துத் தள்ளாமல் இரும்புத்தூண், மரத்தளம், பெரிய விசிறி, சாளர வரிசை அனைத்தையும் அவ்வாறே நிறுத்தி, கொழுந்து வாட்டிய மேல்தளங்களை அறைகளாக மாற்றியுள்ளனர். நடுவே தளங்களைத் திறந்து வெளிச்சம் இறக்கியிருப்பது மிக நேர்த்தி. பழைய கட்டிடத்தை மதித்தல் என்றால் என்ன என்பதை நம் நாட்டார் அங்கே போய்க் கற்கலாம்; நம் பக்கத்தில் எத்தனை புகைக்கூடங்களும் பால் கொட்டகைகளும் ஒரு படம் கூட எடுக்கப்படாமல் மண்ணாயின! போகவந்தலாவை, காசல்ரீப் பக்கங்களிலும் துரை பங்களாக்கள் சில 2005 முதல் தங்குமனைகளாக இருக்கின்றன. அவற்றைச் சாலையிலிருந்தே பார்த்தோம். பணப்பை அதற்கு மேல் ஒப்பவில்லை.

கந்தப்பளை அறைக்கு நாம் ஓரிரவுக்குக் கொடுத்த பணத்தைக் கொழுந்து பறிப்பவரின் நாட்கூலியால் வகுத்துப் பார்த்தோம். 2021இல் அரசு அதை 1,000 ரூபாயாக விதித்தது. 2024இல் 1,350 ஆக்கிற்று. பிந்திய கூலியைக் கொண்டு வகுத்தாலும் ஒரு மாதத்துக்கு மேல் வந்தது. இதைச் சொன்னதும் ஆசிரியர் நண்பர் சிரித்துக்கொண்டே, "கணக்குப் புத்தகத்தைத் தோட்டத்திலேயே வைத்துவிட்டு வந்திருக்கலாமே" என்றார். பிறகு சாளரத்தருகே சென்று நெடுநேரம் நின்றார். அறையின் சுவர் முழுவதும் சாளரம். "இவ்வளவு சாளரம் எதற்கு வைத்தான் வெள்ளைக்காரன்?" என்று கேட்டார்.

அதற்கு விடை நமக்குத் தெரியும். கொழுந்து பன்னிரண்டு மணி முதல் பதினெட்டு மணி நேரம் வரை காற்றில் வாட வேண்டும். காற்றுக் குறைந்தால் இலை புழுங்கிக் கெடும். ஆகவே எத்தனை சதுர அடிக்கு எவ்வளவு காற்று என்று பொறியாளர் கணக்கிட்டு, எந்தத் திசையில் காற்று வருமென்று ஆராய்ந்து, மலைமுகட்டில் ஆலையை நிறுத்தி, நான்கு புறமும் சாளரம் திறந்தார். அக்கலையை அவர்கள் அறியாதவரல்லர். பறித்த இலைக்குக் காட்டிய அக்கலையை, இலை பறித்த கைகளுக்குக் காட்டவில்லை என்பதே செய்தி. ஒரு கல் தொலைவில் பின்சாளரம் இல்லாத லயத்தைக் கட்டியதும் அதே கணக்குத்தான்.

கண்டியில் நாம் சென்ற இடத்துக்குச் சுற்றுலாப் பயணிகள் செல்வதில்லை. வட்டபுலுவை என்பது அவ்விடம்; 1950களின் பிற்பகுதியில் அரசாங்க ஊழியர்களுக்காகக் கட்டப்பட்ட குடியிருப்பு. அதை வகுத்தவர் மினெட் டி சில்வா என்னும் அம்மையார். 1918இற் பிறந்து, 1948இல் பிரித்தானிய அரச கட்டிடக் கலைஞர் கழகத்தில் இடம்பெற்ற முதல் ஆசியப் பெண்மணி இவர். பாவாவின் பெயரை அறிந்தவருள் நூற்றிலொருவர் இவர் பெயரை அறிந்திருந்தால் அதிகம். அக்குடியிருப்பை வகுக்குமுன் அவர் ஒரு காரியம் செய்தார். அங்கே குடிவரப் போகிறவர்களிடம் கேள்வித்தாளைக் கொடுத்து, உங்களுக்கு எத்தகைய வீடு வேண்டும் என்று கேட்டார்! சிங்களர், தமிழர், முஸ்லிம்கள், பறங்கியர் என ஒவ்வொரு வகையாரும் சமைப்பதும், உறங்குவதும், விருந்தினரை அமர்த்துவதும் வெவ்வேறு விதம் அல்லவா? அவர்கள் சொன்னதைக் கொண்டு பல வகை வீடுகளை வரைந்து, மலைச்சரிவை வெட்டிச் சமமாக்காமல் சரிவுக்கேற்பவே அமைத்தார்.

இன்று அவ்வீடுகளுள் பலவற்றை உரிமையாளர் இடித்தும் கூட்டியும் மாற்றிவிட்டனர். முதலில் அது நமக்கு வருத்தமாயிருந்தது. நல்ல கட்டிடம் சிதைகிறதே என்று எண்ணினோம். மைத்துனர் அதை ஒப்பவில்லை. "கூட்டிக் கட்டியிருக்கிறார்கள் என்றால் அங்கேயே குடியிருக்கிறார்கள் என்று அர்த்தம் மச்சான். காட்சிசாலையில்தான் எதுவும் மாறாது" என்றார். இதில் நாம் முழுவதும் அவர் பக்கம் இல்லை. தெருமுனையில் பழைய அமைப்போடு நின்ற ஒரு சிறு வீட்டின் படிக்கட்டு மலையோடு இணைந்து இறங்கிய அழகைக் கண்டபின், மற்றவையும் அவ்வாறே இருந்திருக்கலாகாதா என்றுதான் தோன்றிற்று.

மினெட்டின் தாயார் ஆக்னஸ் டி சில்வாவைப் பற்றியும் ஒரு சொல். 1928இல் டொனமூர் குழுவினர்முன் பெண்களுக்கு வாக்குரிமை கேட்டு நின்றவருள் இவர் ஒருவர். தோட்டங்களில் வேலை செய்யும் இந்தியத் தமிழ்ப் பெண்களுக்கும் அவ்வுரிமை வேண்டுமா என்று குழுவினர் வினவினர்; அவர்களும் பெண்கள்தானே, வேண்டும் என்று தயக்கமின்றிச் சொன்னார் அம்மையார். 1931இல் வயது வந்தோர் அனைவருக்கும் வாக்குரிமை வந்தது. தாய் அவ்வாறு சொன்னார். மகள் வீடு கட்டுமுன் குடிவருவோரைக் கேட்டார். இரண்டும் ஒரே வீட்டுப் பழக்கமென்று நாம் எண்ணுகிறோம்.

இங்கே நம் மேசைமேற் கிடக்கும் ஒரு கோப்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். நாம் வேலை பார்க்கும் செம்பனைத் தோட்டத்தில் புதிய குடியிருப்பு ஒரு வரிசை கட்டப் போகின்றனர். எஞ்சியுள்ள தமிழ்க் குடும்பங்கள் பன்னிரண்டு. மற்றவர் இந்தோனேசியாவிலிருந்தும் வங்காள தேசத்திலிருந்தும் வந்தவர்கள். தோட்டத் தொழிலாளர் வீட்டு வசதிக்கு 1990ஆம் ஆண்டின் 446ஆம் சட்டம் குறைந்தபட்ச அளவுகளை விதித்திருக்கிறது. அவ்வளவுகளுக்குக் குறையாமல் திட்டம் வந்திருக்கிறது. படத்தில் தகரக்கூரை உண்டு, சாளரம் உண்டு, கழிப்பிடம் உண்டு, தாழ்வாரம் இல்லை. வட்டபுலுவையில் நின்றபோதே ஆசிரியர் நண்பர் தம் பையிலிருந்து ஒரு தாளை எடுத்துக் கேள்விகளை எழுதத் தொடங்கினார். தமிழில் ஒரு படி, மலாயில் ஒரு படி, வங்காளிக்கு யாரைப் பிடிப்பது என்று வழியெல்லாம் வாதம் நடந்தது. முதற்கேள்வி இது: மழை பெய்யும்போது நீங்கள் எங்கே உட்கார விரும்புகிறீர்கள்? ஊர் திரும்பியதும் அதைப் படியெடுத்து வீடு வீடாகக் கொடுத்தோம். முப்பத்தொரு விடைகள் வந்து கோப்பிற் சேர்ந்திருக்கின்றன. நிர்வாகத்தார் மேசைக்குப் போயிருக்கிறது; பதில் இன்னும் வரவில்லை.

கடைசி இரண்டு நாட்கள் கண்டலமையில். தம்புள்ளைக்கு அருகே ஒரு பழங்காலக் குளம். அதன் மேலே நீண்ட கற்பாறை. பாறையை ஒட்டி, ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் நீளத்துக்கு, 1994இல் முடிந்த விடுதி. சிகிரியா மலையடியிலே கட்டும்படி கேட்டார்களாம். பாவா அவ்விடம் கூடாதென்று மறுத்து, சிகிரியா தொலைவில் தெரியும் இவ்விடத்தைக் காட்டினார். எழுபது வயதைக் கடந்து அவர் செய்த வேலை இது. கட்டும் காலத்தில் பிக்குகளும் மற்றோரும் எதிர்த்தனர்; காடும் குளமும் கெடும் என்றனர். இன்று தொலைவிலிருந்து பார்த்தால் கட்டிடமே தெரியவில்லை. சிமெண்டுத் தூண்களும் விளிம்புகளும் கொடிகளால் மூடுண்டு, பச்சைத் திரைக்குப் பின்னால் மறைந்து கிடக்கின்றன. வாயிலில் பாறை உள்ளே நுழைந்து வருகிறது. நடைவழியில் சுவர் இல்லை, காற்றுத்தான். மாடிப்படிக்கு மேல் லக்கி சேனநாயக்க சமைத்த உலோக ஆந்தையொன்று சிறகு விரித்து நிற்கிறது. குரங்குகள் தம் வீடு என்றே நினைத்துக்கொண்டிருக்கின்றன. லுனுகங்கையிற் கண்ட இனிமையை விட இவ்விடத்துக் கடுமை நமக்குப் பிடித்தது. இங்கே அழகுக்காக எதுவும் செய்ததாகத் தெரியவில்லை. பாறையும் தூணும் ஒன்றையொன்று பொறுத்துக்கொண்டு நிற்கின்றன.

காலையில் அறைக்கு வெளியே கத்தரி ஓசை கேட்டது. மைத்துனர் எட்டிப் பார்த்து நம்மை அழைத்தார். இடுப்பிற் கயிறு கட்டிக்கொண்டு ஒருவர் மூன்றாம் மாடி உயரத்திற் தொங்கியபடி, சாளரத்தை மூடிய கொடிகளை வெட்டிக்கொண்டிருந்தார். ஐம்பது வயதிருக்கும். நாம் பேசிய தமிழைக் கேட்டதும் கத்தரியை நிறுத்தினார். தாம் மாத்தளைத் தோட்டமொன்றிற் பிறந்தவர் என்றார். வெட்டாமல் விட்டால் என்ன ஆகும் என்று கேட்டோம்.

"ஒரு மழைக்காலம் விட்டால் போதும் ஐயா. ரூமுக்குள்ளே வந்துவிடும். காடு தானாகவே நிற்கிறது என்று வருகிறவர்கள் படம் எடுக்கிறார்கள். நாங்கள் ஆறு பேர் இருக்கிறோம்" என்று சொல்லிச் சிரித்தார்.

நாம் மலேசியாவில் தோட்டத்து உத்தியோகம் என்று தெரிந்ததும், கயிற்றைச் சற்றே இறுக்கிக்கொண்டு அருகில் வந்தார்.

"அங்கே லயத்துக்கு ஓடா, தகரமா?"

"முன்னாளில் அத்தாப்பு. பிறகு தகரம்."

"இங்கேயும் தகரந்தான்" என்றவர், நம் சாளரத்தின் மேல் விளிம்பிலிருந்த கடைசிக் கொடியையும் வெட்டிப் போட்டுவிட்டு, காலால் சுவரை உந்தி அடுத்த அறைப் பக்கம் போனார்.